நாலு கேமராவும் ஒரு சிலிண்டரும்

முல்லைவனம் அடுக்ககத்தில் செக்ரட்டரி சடகோபன் வைத்ததுதான் சட்டம். திருட்டைத் தடுக்க நாலு கேமரா வாங்கினார். எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக்கூட யாரையும் கேட்காமல், அவரே கூட நின்று திருப்பி வைத்தார்.

ஒரு வாரம் ஆகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அவர் வீட்டு கேஸ் சிலிண்டரையே பட்டப்பகலில் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சடகோபன் நேரே வாசலுக்கு வந்து வாட்ச்மேன் பிச்சைமுத்துவைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நல்லாத் தூங்கியிருப்பே! சாயங்காலத்துக்குள்ள திருடனைக் காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

பிச்சைமுத்து தலைக்கு மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க சார். கேமராதான் இருக்கே? எல்லாரையும் கூப்பிட்டு டி.வி.யில போடுங்க."

குடியிருப்பே திரண்டு வந்தது. டி.வி.யில் நாலு கட்டம் விரிந்தது. முதல் கட்டத்தில் பிச்சைமுத்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதில் அதே தயிர்சாதம், முதுகுப் பக்கத்திலிருந்து. மூன்றாவதில் அவர் வழுக்கை மட்டும். நாலாவதில் அவர் சட்டையில் விழுந்திருந்த ஊறுகாய் மட்டும். மாடிப்படியும் இல்லை, பின்கேட்டும் இல்லை.

எல்லாரும் சடகோபனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த ஆள் தூங்குறாரான்னு பார்க்க வேண்டாமா?" என்று முனகினார் அவர்.

"நல்லாப் பார்த்திருக்கீங்க சார்," என்றார் பிச்சைமுத்து. "சிலிண்டர் போனா போகட்டும். இந்த நாலு கேமரா இருக்கிற வரைக்கும் என்னை எவனும் திருடிட்டுப் போக முடியாது!"