தெற்குக் கரைக் குரல்

ஏரிக்கரையில் ஏழு முட்டைகள் போய்விட்டன. காவலுக்கு நின்றவன் குடித்துவிட்டுக் கிடந்தான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவ்வளவோடு முடியவில்லை.

அந்த ஏரிக்கு ஆட்காட்டிக் குருவிகள்தான் காவல். நாலு கரைக்கு நாலு பேர். கிழக்கே நிற்பவன் குரல் கொடுத்தால் தெற்கே பதில் வர வேண்டும். பிறகு மேற்கு, பிறகு வடக்கு. குரல் ஒரு சுற்று வந்துவிட்டால் பயமில்லை என்று அர்த்தம். எங்காவது அறுந்தால் எல்லாரும் முட்டையருகே ஓடி வருவார்கள். இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் வாத்துகள் புல்லில் முட்டையை விட்டுவிட்டு இரைக்குப் போயின.

தெற்கில் மூக்கன். மேற்கில் அவன் கூட்டாளி கூவன். இரண்டும் இளசுகள். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

தெற்குக் கரை பொட்டல். ஒற்றைப் பனை, அதில் விரிசல் விட்ட கள்ளுக் கலயம். தலைக்காவலர் கட்டாரி, சித்திரை வெயிலில் மூக்கனைக் காலையிலிருந்து மாலை வரை மாற்றாள் இல்லாமல் நிறுத்தினார். தாங்கவில்லை என்றதற்கு, கலயத்தில் ஒரு வாய் நனைத்துக்கொள், வெயில் தெரியாது என்று சிரித்தார். மூக்கன் நனைத்தான். முதலில் ஒரு வாய். பிறகு விடிந்ததும் அதே நினைப்பு. பிறகு கால் நிற்கவில்லை.

மூக்கனின் குரல் கூவனுக்கு அச்சாக வரும். கூட்டாளியின் வேலை போய்விடக் கூடாதே என்று அவன் முறைக்கும் இவனே கூவினான். நட்பு என்று நினைத்துக்கொண்டான்.

அப்படி ஒரு மத்தியானம்தான் கீரி தெற்குப் புல்லுக்குள் நுழைந்தது. குரல் சுற்று அறுபடவே இல்லை. அல்லி என்ற வாத்து திரும்பி வந்தபோது ஓடுகள்தான் கிடந்தன. விசாரித்தார்கள். கீரி பதுங்கி வந்துவிட்டது என்றான் மூக்கன். கூவன் ஆமாம் போட்டான்.

"நீங்க என்ன செய்வீங்க, பாவம்," என்றாள் அல்லி.

அந்தப் 'பாவம்' கேட்டதும் கூவன் மூக்கனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

இனித் தொடமாட்டேன் என்று மூக்கன் சத்தியம் செய்தான். சத்தியம் மூன்று நாள் தாங்கியது.

நாலாம் நாள் கிழக்குக் குரல் வந்தது. தெற்கே பனையடியில் மூக்கன் சரிந்து கிடப்பது கூவனுக்குத் தெரிந்தது. அலகைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

சுற்று அறுந்தது. ஏரியே பதறி எழுந்தது. ஓடி வந்து பார்த்தால் கீரியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறுங்கூத்து என்று ஆளுக்கொரு வசவு வைதார்கள்.

கூவன் முன்னால் வந்தான். "மூக்கன் குடிச்சிருக்கான். முட்டை போன அன்னைக்கும் குடிச்சிருந்தான். அவன் குரல்ல கூவினது நான்தான்."

"கூட இருந்தே கழுத்தறுத்தியேடா!" என்று குழறினான் மூக்கன்.

அல்லி கத்தவில்லை. "அந்தக் குரலை நம்பித்தானே நான் தண்ணியில இருந்தேன்," என்றாள்.

இரண்டு பேரையும் துரத்தச் சொன்னார் கட்டாரி. கூவன் நகரவில்லை.

"துரத்துங்கண்ணே. நாளைக்கு அங்க இன்னொருத்தனை நிறுத்துவீங்க. அவனுக்கும் அதே வெயில்தானே? அவனுக்கும் கலயத்தைத்தான் காட்டுவீங்களா?"

துரத்தச் சொன்னதைக் கட்டாரி திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தெற்கில் மூன்று பேர் முறை வைத்து நின்றார்கள். மூக்கனைக் காவலிலிருந்து எடுத்து, பனை கண்ணில் படாத வடக்கு நாணலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நடுங்கினான். வைதான். இரண்டு மாதத்தில் தெளிந்தான். கூவனோடு இன்றுவரை பேசுவதில்லை. அல்லியும் பேசுவதில்லை. ஏழு முட்டைகளும் திரும்பி வரவில்லை.

கூட்டாளியின் குடியை மறைப்பவன் அவனையும் கெடுத்து ஊரையும் கெடுக்கிறான். காலம் கடந்தாவது அதைப் போட்டு உடைத்து நிறுத்தியவன், முதலில் மறைத்த அதே கூவன்தான்.