பெரிய பிரேக்

சவுரிபாளையத்தில் கோகிலவாணியின் ஒர்க்ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோயம்புத்தூரில் வேகமான செடான் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கோகிலவாணிக்கு முப்பத்தாறு வயது. எங்களுக்குள் அவரைக் குரு என்றுதான் சொல்லிக்கொள்வோம். அவர் காதில் விழுந்தால் ஸ்பானர் பறந்து வரும் என்பதால் நேரில் மேடம்தான்.

அவரிடம் கேள்வி கேட்பது சுலபம். பதிலை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதுதான் கஷ்டம்.

ஒருவர் கேட்டார்: "சைலன்சரை மாத்தணும் மேடம். வண்டி இன்னும் சத்தமாக் கேக்கணும்."

"யாருக்குங்க கேக்கணும்?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்னொருவர் கேட்டார்: "எஞ்சின் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"பானட்டைத் திறங்க, பாக்கலாம்."

அவர் உள்ளே குனிந்து எதையோ இழுத்தார். பெட்ரோல் மூடி திறந்தது. வேறொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது.

"அது கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க," என்றுவிட்டு கோகிலவாணி டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் பல் டாக்டர். ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொல்பவன், அங்கே போனால் மூடிக்கொண்டு நிற்பேன். ஒரே ஒருநாள் ஆசை தாங்காமல், பெரிய அலாய் வீல் போடலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் என் காரின் நான்கு டயரிலும் காற்று அளந்தார். இருபத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்தைந்து.

"மாத்தலாங்க டாக்டர். முதல்ல இந்த நாலும் ஒத்துமையா இருக்கட்டும்."

இன்றுவரை நான் அதே வீலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் காற்று பார்க்கிறேன்.

இப்படி ஒரு சனிக்கிழமையில்தான் சென்னியப்பன் வந்தார். கணபதியில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரி வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. கருநீல ஸ்போர்ட்ஸ் செடான், வாங்கி ஒன்றரை வருஷம். கேட்டுக்குள் நுழையும்போதே பிரேக் கிறீச்சிட்டது.

"அம்மணி, இதுக்குப் பெரிய பிரேக் மாட்டிக் குடுங்க. ரேஸ் வண்டிக்கு மாட்டுவாங்களே, அந்த மாதிரி. அப்புறம் அறுபதுக்கு மேல போகாதபடி ஒரு பூட்டும் போட்டுருங்க."

"யாருக்குங்க?"

"என் பொண்ணுக்கு. மிருதுளா. மாட்டு டாக்டர். வால்பாறையில போஸ்டிங் போட்டிருக்காங்க. நாப்பது கொண்டை ஊசி வளைவு. சாவியை வாங்கி வெச்சுட்டேன். ரெண்டு மாசமா பஸ்ஸுலதான் போறா."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்றதில்லைங்க." சாவியை உள்ளங்கையில் புரட்டினார். "இப்பல்லாம் என்கிட்ட எதுவுமே சொல்றதில்லை."

கோகிலவாணி வண்டியைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து மோந்து பார்த்தார். பிறகு வலது கதவைத் திறந்து தரையைப் பார்த்தார், இடது கதவைத் திறந்து தரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிற பக்கத்து மேட் புத்தம் புதிதாக இருந்தது. இடது பக்கத்து மேட்டில், முன்னால், ஒரு கையகலத்துக்கு ரப்பர் தேய்ந்து கிழிந்திருந்தது.

"இந்தப் பக்கம் யாருங்க உட்கார்றது?"

"அவ ஓட்டறப்பல்லாம் நான்தான். தனியா விட்டதே இல்லை."

"சரிங்க." கதவைச் சாத்தினார்.

உள்ளே போய் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வந்தார். இரண்டிலும் புது பிரேக் பேடுகள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற கட்டைகள் அவை. ஒரு கூரான ஆணியையும் நீட்டினார்.

"முதுகுப் பக்க இரும்புல அடையாளம் கீறுங்க. ஒரு செட்டுல உங்க பேரு, ஒரு செட்டுல பொண்ணு பேரு."

சென்னியப்பன் வார்ப்புகளில் அடையாளம் போட்டே வளர்ந்தவர். ஒன்றில் 'செ' என்றும் மற்றதில் 'மி' என்றும் அழகாகக் கீறினார்.

"பிரேக் ஆயிலைப் புதுசா மாத்தி எல்லாத்தையும் சரி பாத்துத் தரேன். அடுத்த சனிக்கிழமை உங்க செட்டைப் போட்டு நீங்க வால்பாறை போய்ட்டு வாங்க. அதுக்கு அடுத்த சனிக்கிழமை அவங்க செட்டைப் போட்டு அவங்க போய்ட்டு வரட்டும். ரெண்டையும் பாத்துட்டு என்ன மாட்டறதுன்னு சொல்றேன்."

"அவ கூட நானும்..."

"கூடாதுங்க."

"அம்மணி, எனக்கு ஒரே பொண்ணு."

"தெரியுதுங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார், நான் சைலன்சர்காரரைப் பார்த்தேன், சைலன்சர்காரர் கூரையைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் மலையிலிருந்து திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"இறங்க எண்ணி நாப்பத்தஞ்சு நிமிஷம், அம்மணி. ஒருத்தனும் முந்தலை. வளைவுக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் வேகத்தைக் குறைக்கலை. வண்டின்னா இது வண்டி!"

நாங்கள் கைதட்டினோம். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கோகிலவாணி வண்டியை உள்ளே கொண்டுபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பேடுகளைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். எங்களில் யாருக்கும் காட்டவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மிருதுளா போனாள். வால்பாறையில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். விடியும்போதே கிளம்பிவிட்டாள் என்று சென்னியப்பன் சொன்னார். அவர் பத்து மணிக்கே ஆட்டோவில் ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவரைத் தனியே விட மனம் வராமல் நான் கிளினிக்குக்குப் போன் செய்து சாயங்காலம் வருகிறேன் என்றேன்.

மணி மூன்றைத் தாண்டியது.

"இப்ப இறங்கிட்டிருப்பா," என்றார்.

"போன் பண்ணிப் பாக்கலாமே."

"ஓட்டறப்ப எடுக்க மாட்டா."

அவருடைய வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல, சிமெண்டுத் தரையை அழுத்தியது. சற்று நேரத்தில் எடுத்தார். மறுபடி அழுத்தினார். செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்லுங்க."

"ரெண்டு மாசம் முன்னாடி, மலையிலிருந்து இறங்கறப்ப, ஒரு வளைவுல பிரேக்கை மிதிச்சேன். மிதி பஞ்சாட்டம் உள்ள போயிருச்சு. தடுப்புச் சுவருல உரசித்தான் நின்னேன். கீழ ஆழியாறு அணை தெரியுது."

"ஓட்டினது யாரு?"

"நான்தான். தனியாத்தான் போயிருந்தேன். என்னையே இந்த வண்டி ஏமாத்திருச்சு. அவளை விடுமா? அன்னிக்கு சாயங்காலமே சாவியை வாங்கி வெச்சுட்டேன். ஏன்னு அவகிட்டச் சொல்லலை."

இத்தனை நாளாக அவரை நான் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது. கோகிலவாணி பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது.

நாலரை மணிக்குக் கருநீல வண்டி கேட்டுக்குள் வந்தது. பிரேக் சத்தம் போடவில்லை. மிருதுளா இறங்கினாள். முழங்கால் வரை சாணி, தோளில் ஐஸ் பெட்டி.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

சென்னியப்பன் தலையை ஆட்டினார். பொய்தான். காலையிலிருந்து இரண்டு டீ குடித்திருந்தார்.

"ரெண்டு பேரும் முதல்ல எதிர் கடையில எதாச்சும் சாப்பிட்டு வாங்க," என்று அனுப்பிவைத்தார் கோகிலவாணி.

அவர்கள் திரும்பியபோது மேசையில் ஒரு துணி விரித்திருந்தது. ஒவ்வொரு செட்டிலிருந்தும் ஒன்று என இரண்டு பேடுகள் அதில் இருந்தன. அடையாளம் கீறிய முதுகு அடியில் இருந்ததால் பெயர் தெரியவில்லை.

ஒன்று ஸ்லேட்டுப் பலகைபோல ஒரே சீராக இருந்தது. மற்றதன் முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. ஓரமெல்லாம் வெந்து வெளுத்து, நடுவில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியது.

வெந்ததையும் வேகாததையும் முப்பது வருஷமாகப் பிரித்துப் பார்ப்பவர் சென்னியப்பன். யோசிக்கவே இல்லை. வெடித்ததைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க. இதுக்குத்தான் அம்மணி அன்னிக்கே சொன்னேன். இப்படி ஓட்டினா எந்த பிரேக்கு நிக்கும்? இன்னும் நாலு வளைவு இருந்திருந்தா என் பொண்ணு..."

மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிப் பாருங்க," என்றார் கோகிலவாணி.

திருப்பினார்.

'செ' என்று இருந்தது. அவர் கையாலேயே, அழகாக.

அவர் மற்றதையும் எடுத்துத் திருப்பினார். பிறகு இரண்டையும் அருகருகே வைத்தார். ஊரில் எவ்வளவோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரை இவ்வளவு மரியாதையாக அவருக்கே எதிரில் நிறுத்தி வைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"நீ பிரேக்கே போடலயா கண்ணு?"

"போட்டேன்ப்பா. ஆனா ஏறின கியர்லயே இறங்கினேன், எஞ்சினே வேகத்தைப் பிடிச்சுக்கிச்சு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டேன். அவசரமா வந்தவங்களுக்கு ஒதுங்கி வழி விட்டேன்."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான்ப்பா. நம்ம பழைய டீசல் வண்டியில. நீங்க ஓட்டுவீங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பாத்துட்டே வருவேன்."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் ஏன் சாவியை வாங்கினேன்னா, கண்ணு..."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கப்பா."

அவர் தலையசைத்துவிட்டுக் கோகிலவாணி பக்கம் திரும்பினார்.

"பூட்டு வேண்டாம் அம்மணி."

"சரிங்க."

"பெரிய பிரேக் மட்டும் மாட்டிருங்க. எனக்காகத்தான் கேக்கறேன்."

"மாட்டலாங்க. மாட்டினா இன்னும் பத்தடி தள்ளிப் போய் மிதிப்பீங்க."

"அப்ப வண்டியில எதையுமே மாத்தலையா?"

"ஒண்ணு மாத்தியிருக்கேன்."

கோகிலவாணி இடது பக்கக் கதவைத் திறந்தார். கால் வைக்கும் இடத்தில் புது மேட் விரித்திருந்தது. கிழிந்த பழையதைச் சுருட்டிச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

"அடுத்த சர்வீஸ் வரைக்கும் உங்க பொண்ணு ஓட்டட்டும். நீங்க இங்க உட்கார்ந்து போய்ட்டு வாங்க. இந்த மேட் கிழியாம வந்துச்சுன்னா, பெரிய பிரேக் பத்திப் பேசலாங்க."