நாலாவது தம்ளர்

சவரிராயனுக்கு நாற்பத்தேழு வயது. பம்பு கம்பெனியில் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். அந்தப் பிரிவை மூடப்போகிறார்கள். ‘சி’ என்னும் கணினி மொழிப் பரீட்சையில் தேறினால் கண்ட்ரோல் போர்டு பிரிவில் வேலை, தேறாவிட்டால் வீடு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. திங்கட்கிழமைதான் கடைசி வாய்ப்பு.

சொல்லிக்கொடுக்கும் நிலோஃபருக்கு இருபத்தைந்து வயது.

“பன்னிரண்டு புரோகிராமும் மனப்பாடம் மேடம். பரீட்சையில எந்தக் கேள்விச் சீட்டை எடுத்தாலும் அடிச்சிடுவேன். நான் தயார்தானே?”

“ஒண்ணு அடிங்கண்ணே.”

நோட்டைப் பார்க்காமலே அடித்தார். ஓடியது.

“போய் ஒரு தம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

திரும்பி வந்தபோது புரோகிராம் ஓடவில்லை. பதினான்காம் வரியில் பிழை என்றது திரை. அந்த வரியை மூன்று முறை படித்தார். ஒரு குறையும் இல்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தார். ஓடியது.

“இன்னொரு தம்ளர் குடிச்சிட்டு வாங்கண்ணே.”

மறுபடி ஓடவில்லை. மறுபடி அழித்தார், அடித்தார். மூன்றாம் தம்ளருக்கும் அதே கதை. நாலாவதுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. கோபத்தில் காது சிவந்துவிட்டது.

“நீங்க கெடுப்பீங்க, நான் கட்டணுமா? முடியாது. பரீட்சையில யாரும் பக்கத்துல உக்காந்து அழிக்க மாட்டாங்க!”

“போன தடவை யாருண்ணே அழிச்சாங்க?”

சவரிராயன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போன தடவை அவரேதான் அவசரத்தில் எதையோ விட்டு, அழித்து அழித்து அடித்ததில் நேரம் போய்விட்டது.

“இனிமே இதுல நீங்க கை வைக்கக் கூடாது. நானே கெடுத்துக்கிறேன்.”

எட்டாம் வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி மாதிரி இருந்த செமிகோலனை எடுத்தார். “எட்டுல கத்தும் பாருங்க.”

ஒன்பதில் கத்தியது. பதினாறில் எடுத்துப் பார்த்தார். பதினேழில் கத்தியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அட, நம்ம லேத்து! சத்தம் ஒரு பக்கம் கேக்கும். தேஞ்ச பேரிங் வேற பக்கம் இருக்கும்.”

அவர் கெடுத்தார், சரிசெய்தார், வேண்டுமென்றே இன்னும் மோசமாகக் கெடுத்தார். ஒரு முறைகூட முழுசாக அழிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார். “திங்கக்கிழமை எந்தப் புரோகிராம் வரும் மேடம்?”

“அது தெரியாதுண்ணே. தப்பு கண்டிப்பா வரும்.”

“வரட்டும்” என்றார் சவரிராயன்.