கல்பாலத்தில் முதல் கால்

திவான் கட்டிய புதுக் கல்பாலத்தில் ஓர் ஆடுகூட ஏறவில்லை. ஆற்றில் வெள்ளம் ஏற ஏற, ஆட்டம் கண்ட பழைய மரப்பாலத்திலேயே ஊர் முண்டியடித்தது.

"நல்லவிதமாச் சொன்னா வருவாங்க எசமான்," என்றான் பல்லக்குத் தூக்கும் சடையன்.

"அப்போ நீயே வரவழை. பொழுது சாயறதுக்குள்ள வரலேன்னா உனக்குச் சவுக்கடி," என்று உறுமினார் திவான்.

சடையன் கூட்டாளிகளோடு, திவான் உட்கார்ந்திருந்த பல்லக்கைத் தூக்கி, நேரே கல்பாலத்தில் கால் வைத்தான்.

"டேய், இதுல ஏன்டா போறே? வழக்கமாப் போற பாலத்துல போடா," என்று அலறினார் திவான்.

கரையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சடையன் அக்கரையில்தான் பல்லக்கை இறக்கினான். திரும்பிப் பார்த்தால், கல்பாலம் முழுக்கத் தலைகள்.

"இவங்க இத்தனை நாள் ஏன்டா வரலை?" என்றார் திவான்.

"நீங்க ஆத்துல விழறீங்களான்னு பாத்துட்டு வரலாம்னு இருந்தாங்க எசமான்."