மூட்டை நெல்லும் ஆந்தைக் குஞ்சும்

நெல் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, அறுபது வயதுக்கு மேல் மலையடி மடத்துக்குச் சீடராக வந்தவர் ஆவுடையப்பர். மடத்தின் குரு குழல்வாய்மொழி அம்மை அவரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆவுடையப்பர் கடையை விட்டாலும் கணக்கு அவரை விட்டபாடில்லை.

மரத்திலிருந்து விழுந்த ஓர் ஆந்தைக் குஞ்சை அம்மை அவரிடம் ஒப்படைத்திருந்தார். மடத்துக் களஞ்சியத்தில் பொறி வைத்து, அகப்படும் எலியைக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். பெற்ற பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி அவரைக் குடைந்தது.

"தாயே, எலிங்க ஒரு மூட்டை நெல்லைத் தின்னு தீர்த்தாச்சு. அந்த எலிங்களை இது தின்னு தீர்த்தாச்சு. குஞ்சு இன்னும் கைக்குள்ள அடங்குது. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையால்லா இருக்கு! மிச்ச நெல்லு எங்க போச்சு?"

"நல்ல கேள்வி. தேடிப் பாருங்க."

தேடினார். எலி வளையைத் தோண்டினார். குஞ்சின் எச்சத்தைக்கூடக் கிளறினார். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். எல்லாம் சேர்த்தாலும் மூட்டைக்குப் பக்கத்தில் வரவில்லை.

நடுவில் இருக்கும் எலிதான் அமுக்குகிறது என்று முடிவு கட்டினார். தரகனை ஒதுக்கினால் லாபம் என்பது அவர் தொழிலில் பாலபாடம். எலியை நிறுத்திவிட்டு, சோற்றைக் குழைத்துக் குஞ்சுக்கு ஊட்டப் பார்த்தார்.

மறுநாள் குஞ்சு தலையைத் தொங்கப்போட்டது. அழுதுகொண்டே அதை அள்ளிக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"தாயே, செத்துரும்போல இருக்கு. நான்தான் கெடுத்துட்டேன்."

அம்மை திட்டவில்லை. "கைக்கு எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு."

"துணியில சுத்தி வெயில்ல வைங்க. பொறியில எலி இருந்தா எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார்.

"எலி கைக்கு எப்படி இருந்துச்சு?"

"வெதுவெதுன்னு. என்னா துள்ளு துள்ளிச்சு!"

"முக்கால்வாசி நெல்லு அந்தச் சூட்டுலயும் துள்ளுலயும்தான் போச்சு."

எலியைச் சிறு துண்டுகளாக்கி இருவரும் ஊட்டினார்கள். பிறகு அம்மை குஞ்சை அவர் உள்ளங்கையில் வைத்தார். மெல்லக் கால் அசைந்தது. ஒரு கண் திறந்தது.

"சூடு வந்துட்டு தாயே!" ஆவுடையப்பர் சந்தோஷத்தில் கூவினார்.

"மிச்சம் அதுல போகுது."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த வியாபாரி சும்மா இருப்பானா?

"இவ்வளவும் வீணா காத்துல போகுதே தாயே. வெளிய விடாம இதுக்குள்ளேயே கட்டி வைக்க ஒரு வழி இல்லையா?"

அம்மை சிரித்தார்.

"சூடு வெளிய வராத குஞ்சைத்தானே, கொஞ்சம் முன்னால அழுதுகிட்டுத் தூக்கிட்டு வந்தீங்க?"