ஒட்டினால் கழட்டு

ரோடு பிரியும் ஆலடி விலக்கில் இருக்கும் செல்லையா அண்ணாச்சியின் டிங்கரிங் பட்டறையில் மாசிலாமணி, சொரிமுத்து, பிச்சாண்டி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளைதான் என்று ஊரில் பேச்சு. அதையும் யார் கொண்டுவருவது என்பதில் தினமும் குழப்பம்.

மூவரில் மாசிலாமணி பயந்த சுபாவம். போன மாதம், "பெயிண்ட் காயுற வரைக்கும் வண்டியை விட்டு நகராதே" என்றார் அண்ணாச்சி. மழை பிடித்துக்கொண்டது. பெயிண்ட் காயவில்லை, இவனும் நகரவில்லை. மூன்றாம் நாள் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு அண்ணாச்சி திட்டியது, இடையில் ஒரு தடவை டீ குடிக்கப் போனதற்குத்தான் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஞானப்பழம் வாத்தியாரின் அம்பாசடர் வந்து நின்றது. இடது முன்கதவில் எருமை முட்டிய பள்ளம். நாலு மணிக்கு அதே வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு.

அண்ணாச்சி சாவு விசாரிக்க ஒரு துட்டி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாசிலாமணி கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்தார்.

"பின்னால வேப்பமரத்தடியில பழைய அம்பாசடர் வண்டிக்கூடு கிடக்குல்லா, அதுல நல்ல கதவாப் பாருங்க. பளபளப்பை நம்பாதீங்க. ஓட்டையெல்லாம் பட்டி பூசி மறைச்சிருப்பான். காந்தத்தை வைங்க. ஒட்டுனா நல்ல தகரம், கழட்டுங்க. ஒட்டலைன்னா பட்டி, தொடாதீங்க. நல்ல கதவைச் சாரு வண்டியில மாட்டிருங்க. இன்னைக்கும் சொன்னதை விட்டுட்டு வேற எதையாவது செஞ்சீங்க, மூணு பேரும் ஊரைப் பாத்துப் போயிர வேண்டியதுதான்."

மாசிலாமணி காந்தத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது.

கூட்டின் நாலு கதவிலும் காந்தம் வைத்தான். நழுவியது. பேனட்டில் வைத்தான். நழுவியது. அந்தக் கூடு பட்டியால்தான் நின்றுகொண்டிருந்தது.

"காந்தம் செத்துப்போச்சோ?" என்றான் சொரிமுத்து.

பட்டறைக் கேட்டில் வைத்துப் பார்த்தார்கள். டொக்கென்று ஒட்டியது.

"உசிரு இருக்கு."

"ஒட்டிருச்சே! இப்ப என்ன செய்ய?"

மூவரும் யோசித்தார்கள்.

"ஒட்டுனா கழட்டச் சொன்னாவ" என்றான் பிச்சாண்டி.

"கேட்டைச் சொல்லலியே?"

"கேட்டை விட்டுருங்கன்னு சொன்னாவளா?"

சொல்லவில்லை. கேட்டைக் கழற்றினார்கள். இரண்டு ஆடுகள் உள்ளே வந்தன. ஆடுகளிலும் காந்தம் வைத்துப் பார்த்தான் மாசிலாமணி. ஒட்டவில்லை. அதனால் அவற்றைத் தொடவில்லை.

அடுத்தது வாத்தியார் வண்டி. பேனட்டில் ஒட்டியது. டிக்கியில் ஒட்டியது. மட்கார்டு, நாலு கதவு, எல்லாவற்றிலும் ஒட்டியது. மேற்கூரையில் ஒட்டியபோது சொரிமுத்து கண் கலங்கிவிட்டான். "எவ்வளவு நல்ல தகரம்லே!"

மூன்றரைக்குள் எல்லாம் கழன்றது. கூரையை மட்டும் அறுக்க வேண்டியிருந்தது.

"இப்ப நல்ல கதவை மாட்டணும்" என்றான் மாசிலாமணி.

இடது பக்கத்துக்கு எந்தக் கதவு பொருந்தும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ஆனால் பள்ளத்திலும் காந்தம் ஒட்டியது. மாட்டினார்கள். மற்றதை மாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணாச்சி வந்தார். கேட்டைக் காணோம். வாத்தியார் வண்டி இருந்த இடத்தில் சக்கரம், சீட்டு, ஸ்டியரிங், எருமை முட்டிய கதவு. பின் சீட்டில் இரண்டு ஆடுகள் மாப்பிள்ளை தோரணையில் உட்கார்ந்திருந்தன.

"சொன்னபடி செஞ்சாச்சு அண்ணாச்சி" என்றான் மாசிலாமணி. "ஒரு எழுத்து பிசகல."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அப்படியே கதவில் சாய்ந்து, மயங்கித் தரையில் சரிந்தார். தாங்கிப் பிடிக்க ஓடிய மாசிலாமணியின் கையிலிருந்த காந்தம், அண்ணாச்சி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தில் போய் டொக்கென்று ஒட்டியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி நல்ல தகரம்லே" என்றான் சொரிமுத்து, மரியாதையோடு.

மாசிலாமணிக்கு மனசே வரவில்லை. ஆனாலும் வேலை போய்விடக்கூடாதே.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஸ்பேனரை எடுத்தான்.

"பிச்சாண்டி, போல்ட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருலே."