கண்ணுக்குத் தெரியாத தங்கம் களவு போனது

கருவேலம்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கு நானோ ஆய்வகம் ஒன்று கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் கீழிருந்த மூன்று கல்லூரிகளுக்கும் அது பொது. கல்லூரிக்கு ஒருவராகப் பொறுப்புக் குழு அமைத்தார்கள்: இயற்பியல் கோமதிநாயகம், வேதியியல் ஜெபமணி, தாவரவியல் சடகோபன். மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். யோசிக்கிற கெட்ட பழக்கம் கிடையாது.

இயக்குநர் மேகலாதேவி மாநாட்டுக்காக டெல்லி கிளம்பும்போது மூவரையும் கூப்பிட்டார்.

"இந்தக் குப்பியில தங்கம் இருக்கு. நானோ துகள். பத்திரமாப் பாத்துக்கோங்க. நாளைக்குப் பார்வைக் குழு வருது. யாரையும் தூசியோட உள்ள விடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா ஆய்வகத்தையே மூடிருவாங்க."

அம்மணி கார் ஏறியதும் மூவரும் குப்பியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து சடகோபன் கேட்டார்: "சார், தங்கம் மஞ்சளாத்தானே இருக்கும்?"

"ஆமா."

"இது சிவப்பா இருக்கே?"

ஜெபமணி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ரோஸ்மில்க்! தங்கத்தை எடுத்துட்டு எவனோ ரோஸ்மில்க்கை ஊத்தி வச்சிருக்கான்."

தங்கத்தை அவ்வளவு பொடிசாக்கித் தண்ணீரில் கலந்தால் சிவப்பாகத்தான் தெரியும் என்று வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறவர் அவர்தான். ஆனால் அது பாடம். இது நிஜம் அல்லவா?

காவல் நிலையத்துக்கு ஓடினார்கள்.

"என்ன காணோம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தங்கம் சார்."

"செயினா, வளையலா?"

"அதைவிடச் சின்னது."

"மூக்குத்தியா?"

"இன்னும் சின்னது. கண்ணுக்கே தெரியாது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அப்ப காணாமப் போச்சுன்னு எப்படிய்யா தெரியும்?"

"பாத்தோம் சார், தெரியல."

"முன்னாடி தெரிஞ்சுதா?"

"முன்னாடியும் தெரியல" என்றார் கோமதிநாயகம், கொஞ்சம் பெருமையாகவே.

இன்ஸ்பெக்டர் வாசலைக் காட்டினார். வாசல் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு மூவரும் வெளியே வந்தார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்பினார்கள். மேகலாதேவி டெல்லியிலிருந்து வந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கோமதிநாயகம் மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றி, கண்ணீரோடு குப்பிக்குள் போட்டார். "தங்கம் தங்கந்தானே" என்று மற்ற இருவரும் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் பார்வைக் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். பட்டுச் சால்வையும் சந்தனமுமாக ஆய்வக வாசலை மிதித்தார். அங்கே சடகோபன் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார்.

"தூசியோட உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. கொஞ்சம் திரும்புங்க சார்."

தலைவர் திரும்புவதற்குள் முதல் அடி முதுகில் விழுந்தது. குழு முழுவதையும் பாயைத் தட்டுவதுபோலத் தட்டி முடித்தபோது சடகோபனுக்கு வியர்த்துவிட்டது.

"விளக்குமாத்தாலயாய்யா அடிக்கிற?"

"புது விளக்குமாறுதான் சார்."

தலைவர் கொதித்துப்போய் உள்ளே வந்தார். ஆய்வகத்தை அங்கேயே மூடிவிட்டுப் போகிற கோபம். "எங்கே உங்க நானோ?"

ஜெபமணி குப்பியை நீட்டினார். தலைவர் பார்த்தார். அடியில் மோதிரம் மின்னியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கோபம் போய் முகம் மலர்ந்தது.

"எத்தனையோ ஆய்வகம் பாத்திருக்கேன். எங்க போனாலும் இருக்குன்னுதான் சொல்றாங்க, கண்ணுல காட்டினதில்லை. நானோன்னா இப்படில்ல தெரியணும்!"

அவருடைய ஆராய்ச்சிப் பட்டமும் நானோவில்தான் என்று கேள்வி.

கிளம்பும்போது அங்கிருந்த பெரிய மைக்ரோஸ்கோப்பைத் தடவிக்கொடுத்தார். "இவ்வளவு நல்ல கருவி ஒரே இடத்துல கிடக்கலாமா? மூணு கல்லூரியும் சமமாப் பகிர்ந்துக்கோங்க."

மேகலாதேவி திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"எங்க மைக்ரோஸ்கோப்?"

"பகிர்ந்துட்டோம் மேடம்" என்றார் கோமதிநாயகம். "விளக்கும் அடித்தட்டும் எங்க கல்லூரிக்கு. லென்ஸ் குழாய் ஜெபமணி சாருக்கு. படம் தெரியற திரை சடகோபன் சாருக்கு. ஒரு சண்டை சச்சரவு இல்லை."

மேகலாதேவி கேட்டார்: "இனிமே பிள்ளைங்க எதை, எங்க, எப்படிப் பாப்பாங்க?"

"அதுக்கு பஸ் விட்டாச்சு மேடம். மாதிரியை எங்க கல்லூரியில வச்சுட்டு பஸ் ஏறினா, ஜெபமணி சார் கல்லூரியில லென்ஸைத் திருகிட்டு, நேரா சடகோபன் சார் கல்லூரியில போய்ப் படம் பாத்துரலாம். டிக்கெட் கிடையாது."

அந்த நேரம் ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், மூணு கல்லூரிக்கும் போயிட்டு வந்துட்டேன். திரையில ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டா இருக்கு."

கோமதிநாயகம் தீவிரமாக யோசித்தார்.

"பஸ் ஏறறதுக்கு முன்னாடி விளக்கைப் போட்டியாம்மா?"

மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, மறந்துட்டேன் சார்!" என்று பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.